புதுப்பிப்பு: வண்டிப்பாதை வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்துவிட்டது

கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதையை அப்பா பயன்படுத்தக் கூடாது என்று முன்சீப் நீதிமன்றம் உறுத்துக்கட்டளை பிறப்பித்திருந்தது. விசாரணையில் காட்டாத பழைய பத்திரத்தை மேல்முறையீட்டில் காட்டலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. சார்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடுவில், தீர்ப்பு நகல் தயாராக ஆகும் காலம் கழிக்கப்படும் என்று ஒருவர் சொன்னது அப்படியே பொருந்தியது. மேல்முறையீடு செய்தாலே கீழ்த் தீர்ப்பு நின்றுவிடாது, தடையாணைக்குத் தனி மனு வேண்டும் என்ற யோசனைதான் அறுவடைக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியது.

எதிர்பாராதது இதுதான்: மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் காட்ட அனுமதிக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 27-இன்கீழ் கொடுத்த பத்திரம் ஏற்கப்படவில்லை. உரிய முயற்சி எடுத்திருந்தால் விசாரணையின்போதே கிடைத்திருக்கும் என்றார் நீதிபதி. ஆனால் முதல் மேல்முறையீட்டில் சாட்சியங்களை முழுவதுமாக மறுபடி எடைபோடலாம் அல்லவா? ஏற்கெனவே கோப்பில் இருந்த வழக்கறிஞர் ஆணையரின் (இடத்தை நேரில் பார்க்க நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர்) வரைபடத்தை அவர் வரிவரியாகப் படித்திருக்கிறார். தேய்ந்த வண்டித் தடமும் இருபுறப் பனைகளும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. கீழ் நீதிமன்றம் அதைத் தொடவே இல்லை. அந்தப் பத்தியைப் படித்தபோது அப்பாவின் கண் கலங்கிவிட்டது.

எதிர்த்தரப்பு 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அங்கே அதே சட்டத்தின் பிரிவு 100-இன்படி முக்கியச் சட்டக் கேள்வி எழுந்தால்தான் இரண்டாம் மேல்முறையீடு. முன்னெச்சரிக்கையாக, எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று கேவியட் மனு தாக்கல் செய்துவிட்டோம்.