மறு: 'மாய வாடை' வேணாம், 'சாடை'ன்னு வைப்போமா?

எல்லாருக்கும் வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல (ஆளுக்கொரு கதாபாத்திரமா கற்பனைக் கதைக்குள்ள போய் ஆடுற ஆட்டம்) பக்கத்துல மாயம் இருக்கான்னு காட்டுற 'டிடெக்ட் மேஜிக்' ஸ்பெல்லுக்கு, அதாவது மந்திரத்துக்கு, அண்ணன் பட்டியல்ல வச்ச தமிழ்ச் சொல்லைப் பத்தித்தான் இது.

> டிடெக்ட் மேஜிக் = மாயம் கண்டறிதல். ஆரா = ஒளிவட்டம். பேச்சு வழக்கு வேணும்னா மாய வாடை.

அண்ணே, ராமேஸ்வரத்துப் பக்கம் மண்டபம் ஊர்லேர்ந்து எழுதுறேன், உங்க பட்டியல் வந்ததுலேர்ந்து ரெண்டு நாளா இதே யோசனைதான். மத்த சொல்லெல்லாம் அருமையா வந்திருக்கு, இந்த மூணுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல.

முதல்ல வாடை. எங்க பக்கம் வாடைன்னா வடக்கேர்ந்து வர்ற காத்து, ஐப்பசி கார்த்திகையில அது எந்திரிச்சா வடகடல் கலங்கிரும், வள்ளம் போகாது. மாய வாடைன்னு சொன்னதும் எங்க டேபிள்ல ஒரு தம்பி ஏதோ புயல் கிளப்புற ஸ்பெல்லுன்னே நெனச்சுட்டான். நாத்தம்ங்குற அர்த்தமும் இருக்குதான், ஆனா இந்த ஸ்பெல்லுல மூக்குக்கு வேலையே இல்லையே.

கண்டறிதல்தான் பெரிய சிக்கல். கண்டறியிறதுன்னா என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்குறது. போன மாசம் புதுசா ஆட வந்த பையன் கேரக்டர் ஷீட்டுல (கதாபாத்திரத்தோட விவரத் தாள்) அதைப் பாத்துட்டு, "நான் கண்டறிஞ்சுட்டேன்ல, அப்ப இந்த மோதிரம் என்ன செய்யும்னு சொல்லுங்க"ன்னு டிஎம்மை, அதான் ஆட்டத்தை நடத்துறவரை, புடிச்சுக்கிட்டான், அரை மணி நேரம் அதுலயே போச்சு. பையன் மேல தப்பில்ல, சொல்லு அப்படி இருக்கு. ஐந்தாம் பதிப்புல 2014 விதிப்படி பாத்தா, ஸ்பெல்லு போட்டதும் 30 அடிக்குள்ள மாயம் இருக்குங்குறது மட்டும் உள்ளுக்குள்ள தட்டுப்படும், அவ்வளவுதான். அப்புறம் ஒரு ஆக்ஷன் (நம்ம முறையில செய்யக் கிடைக்குற ஒரு செயல்) செலவழிச்சா, கண்ணுக்குத் தெரியிற ஆளு மேலயோ பொருள் மேலயோ மாயம் இருந்தா அதைச் சுத்தி மங்கலா ஒரு ஆரா தெரியும், மாய வித்தையோட எட்டு மரபுல (ஸ்கூல்) அது எதைச் சேந்ததுன்னும் புரியும். அந்த மோதிரம் என்ன செய்யும்னு தெரியணும்னா ஐடென்டிஃபைன்னு வேற ஸ்பெல்லு இருக்கு. பழைய மூணரைப் பதிப்புல இன்னும் நிதானம், முதல் ரவுண்டுல இருக்கா இல்லையா, ரெண்டாவதுல எத்தனை ஆரா, அதுல வலுவானது எவ்வளவு வலு, மூணாவதுலதான் எது எங்க இருக்குன்னு.

எங்க அப்பா ராத்திரிப் பாடுக்கு, அதான் மீன் புடிக்க, போவாக. அமாவாசை இருட்டுல மீன் கூட்டம் ஓடுனா தண்ணி மினுங்கும், அந்த மினுக்கம் போற தினுசை வச்சே "சாளைச் சாடையா இருக்கு, வலையை எறக்கு"ம்பாக. எம்புட்டு கெடக்கு, என்ன தரம்ங்குறதெல்லாம் வலையை இழுத்தாத்தான்.

அந்தச் சாடைதாண்ணே நான் சொல்றது. புள்ளையப் பாத்து "அவுக அப்பன் சாடை"ங்குறோம், அந்தப் புள்ள பேரு தெரியாது, குணம் தெரியாது, ஆனா எந்தக் குடும்பம்னு தெரிஞ்சுபோகும், ஆரா மரபைக் காட்டுறதும் அச்சா இதேதானே. "சாடையாத் தெரியுது"ன்னா மங்கலாத் தெரியுதுன்னும் ஆச்சு. ஒளிவட்டம்னா எனக்கு சாமி படத்துல தலைக்குப் பின்னாடி இருக்குறதுதான் ஞாபகம் வருது, துருப்புடிச்ச கத்திக்கு அது ஒட்டவே மாட்டேங்குது.

அதனால ஆரா = சாடை, ஸ்பெல்லு = சாடை காணல், ஐடென்டிஃபை = இனங்காணல். சாதாரணப் பொருளை மாயப்பொருள் மாதிரியோ, மாயப்பொருளைச் சாதாரணம் மாதிரியோ காட்டி ஏமாத்துற ஸ்பெல்லு ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு பொய்ச்சாடை. தனியா ஒரு சொல்லு தேடவே வேண்டியதில்ல பாருங்க, இது ஒண்ணுக்காகவே சாடையை எடுத்துக்கலாம்னு எனக்குத் தோணுது.

எது குறுக்க இருந்தா இந்த ஸ்பெல்லு எட்டாதுன்னு போன வாரம் அக்கா கேட்டிருந்த மறைப்பு விஷயம்: 1 அடி கனத்துக்குக் கல்லு, சாதாரண உலோகம்னா 1 அங்குலம், மரமோ மண்ணோன்னா 3 அடி, இதுல எது குறுக்க இருந்தாலும் சாடை தெரியாது. ஈயம் மட்டும் மெல்லிசுத் தகடு இருந்தாலே போதும். எங்க ஆட்டம் தனுஷ்கோடியில நடக்குறதா வச்சிருக்கோம், 64 புயல்ல இடிஞ்ச கட்டடங்களுக்கு நடுவுல ஒரு மாய வலம்புரிச் சங்கைத் தேடணும். டிஎம் அதை மணலுக்குள்ள 4 அடி ஆழத்துல பொதைச்சிட்டாரு. ரிச்சுவலா (கூடுதல் நேரம் எடுத்து சடங்கா) போட்டா ஸ்லாட் (ஸ்பெல்லு போட நமக்கு இருக்குற அளவான கணக்கு) செலவில்லன்னு திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு அந்தத் திட்டு முழுக்க நடந்தோம், ஒண்ணும் தட்டல, கடைசியில ஒருத்தன் சந்தேகப்பட்டு ஒன்றரை அடி தோண்டுனதும்தான் தட்டுச்சு. இந்தத் தடுக்குற சமாச்சாரத்துக்கு 'மறைப்பு'ன்னே வச்சுக்கலாம்.

எனக்கு ஒரே ஒரு இடத்துல இடிக்குது. முதல்ல உள்ளுக்குள்ள தட்டுப்படுறதுக்கும் அப்புறம் கண்ணால பாக்குறதுக்கும் ரெண்டுக்கும் சேத்து 'காணல்'னு சொல்லலாமா, இல்ல 'சாடை உணர்தல்'னு மாத்தணுமா? ஆடும்போது வாயில சட்டுனு வர்றது காணல்தான். கோயம்புத்தூர் அண்ணனும் யாழ்ப்பாணத்து அக்காவும் சொல்லுங்க, உங்க பக்கம் சாடைக்கு வேற ஏதும் தப்பர்த்தம் இருந்தாலும் இப்பவே சொல்லிருங்க, ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு முந்தி ஷீட்டை அச்சடிக்கணும்.