நெடுந்தூரம் உழக்க எந்தச் சைக்கிள்? வன்னித் தெருக்களில் எங்கள் அனுபவம்

பரந்தனிலிருந்து:

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துத்தான் மறுபடி சைக்கிளில் ஏறினேன். முதலில் வேலைக்குப் போய்வர மட்டும். பிறகு இரணைமடுக் குளக்கட்டு, ஆனையிறவு என்று தூரம் கூடியது. அடுத்த ஆடியில் பூநகரி வழியாக மன்னாருக்கே போய்விடத் துணிந்தேன். ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். வெளிநாட்டு உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பந்தயச் சைக்கிள் வீட்டில் நின்றது. ஒற்றைக் கையால் தூக்கலாம். ரயரின் அகலம் 25 மில்லிமீற்றர். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பூநகரி தாண்டியதும் சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. ஏ32 வீதியில் தெற்கே போகிறவனுக்கு ஆடியில் அந்தக் காற்று எதிரேதான் நிற்கும். மறைப்புக்கு மரமும் குறைவு. தட்டையான வன்னியில் கியர் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை அந்த வழியில் உழக்கிப் பார்க்கட்டும். ஏற்றத்துக்கு உச்சி ஒன்று உண்டு, சோளகத்துக்கு அது இல்லை. இருந்ததிலேயே இலேசான கியரிலும் முழங்கால் நொந்தது.

இலுப்பைக்கடவைக்கு இந்தப் பக்கம், லொறிக்கு வழிவிட வீதியோரக் கிரவலில் இறங்கினேன். கல்லொன்று பின் ரயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. காற்றில்லாத சில்லை உருட்டிக்கொண்டே போய், ஒரு சைக்கிள் கடையைக் கண்டேன். கடைக்கார ஐயா பழைய ரயர் ஒன்றில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டினார். அதன் ஓரங்களைச் சவர பிளேட்டால் சீவிச் சீவிக் கடதாசி போல மெலிதாக்கினார். ஓரம் தடிப்பாக இருந்தால் ரியூப்பை அராவிவிடுமாம். கிழிசலுக்கு உட்புறமாக வைத்து, சொலூசன் பூசி, கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்திப் பிடித்தார். ரயர் தப்பியது. ரியூப்போ உருட்டிவந்ததில் வால்வின் அடியில் பிய்ந்திருந்தது. அங்கே ஒட்டு நிற்காது. அவரிடம் 28 அங்குல ரியூப் இருந்தது, 26 இருந்தது. என் பந்தயச் சில்லின் அளவான 700சியில், மெல்லிய வால்வு வைத்த ரியூப் இல்லை. என் றிம்மின் துளை சிறியது என்பதால் மோட்டார் சைக்கிள் ரக வால்வு அதில் நுழையவும் இல்லை.

"இதற்கு நான் எங்கே போவேன், தம்பி?" என்றார். கூலி வாங்கவும் மறுத்துவிட்டார். மீன் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போன பட்டா என்ற சின்ன லொறி ஒன்றில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அன்றிலிருந்து ஒரு சைக்கிளைப் பார்த்தால் அந்த ஐயாவின் கடையில் இதைத் திருத்த முடியுமா என்றுதான் முதலில் யோசிக்கிறேன். இப்போது வைத்திருப்பது பழைய மவுண்டன் சைக்கிள்: எஃகுச் சட்டகம், 26 அங்குலச் சில்லு, ஸ்பிரிங் இல்லாத முன் போர்க். மலிவான ஸ்பிரிங் போர்க் பாரமும் கூட, உழக்கும் பலத்தையும் தின்றுவிடும். சட்டகம் வெடித்தால் எஃகை ஊர் வெல்டிங் கடையிலேயே ஒட்டலாம். அலுமினியத்தை அப்படி ஒட்ட ஆள் கிடைப்பது கடினம். ட்ரெக் 520 போன்ற பெயர்பெற்ற நெடும்பயணச் சைக்கிள்களும் எஃகில் செய்தவைதான். பல் வைத்த ரயரைக் கழற்றிவிட்டு 1.75 அங்குல வழவழப்பான ரயர் போட்டேன். தாரிலும் ஓடுகிறது, குளக்கட்டுக் கிரவலிலும் ஓடுகிறது. முன்னால் சின்னப் பல்சில்லில் 22 பல், பின்னால் பெரியதில் 32. அந்த இலேசான கியர் சோளகத்துக்காக.

வாங்கும் முன் கரியரில் பையைத் தொங்கவிட்டு உழக்கிப் பாருங்கள். பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சுக்கும் பின்சில்லின் அச்சுக்கும் இடையே 43 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால், என்னைப் போல் நீண்ட பாதம் உள்ளவர்களின் குதி பையில் இடிக்கும்.

மல்லாவியிலிருந்து:

அண்ணா, 26 என்பதை நம்பி நானும் ஏமாந்தேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகச் சைக்கிளில் போவது என் வழக்கம். ஒருமுறை புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, 26 ரயர் என்று கேட்டு வாங்கி வந்தேன். இரவு விளக்கைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பொருத்தியும் அது றிம்மில் உட்காராமல் தொளதொளத்தது. பக்கவாட்டில் 26 × 1⅜ என்று இருந்தது. என்னுடையது 26 × 1.75. இரண்டுக்கும் பெயரில்தான் 26. முதலாவது 590 மில்லிமீற்றர் விட்டமுள்ள றிம்முக்கு, மற்றது 559க்கு. அந்த ஆண்டு பஸ்ஸில்தான் போனேன். இப்போது கடையில் 559 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுக்கிறேன்.

என்னைப் போல் உயரம் குறைந்த பெண்களுக்கு இன்னொன்று: சிறிய சட்டகத்தில் 26ஐவிடப் பெரிய 700சி சில்லுப் பூட்டினால், மெதுவாகத் திரும்பும்போது காலின் நுனி முன்சில்லில் முட்டலாம். 26இல் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்ணீருக்கு மூன்று போத்தல் கூடு பூட்டியிருக்கிறேன். வைகாசி வெயிலில் ஒட்டுசுட்டான் போய்ச்சேர முன்னமே இரண்டு முடிந்துவிடும்.

வவுனியாவிலிருந்து:

தம்பி, தங்கச்சி, நான் தொண்ணூறுகளில் எரிபொருள் தடைக் காலத்தை ஒட்டுசுட்டானில் கழித்தவன். அப்பாவின் ராலே சைக்கிளில் ஒரு மூட்டை நெல்லும், மேலே விறகும், பாரில் என் மகளும். ஒரு சில்லுக் கம்பிகூட முறிந்ததில்லை. காரணம் பின்சில்லில் 40 கம்பி, முன்சில்லில் 32. இப்போது பல சைக்கிள்களுக்குப் பின்னாலும் 32தான். பாரம் ஏற்றுபவர்கள் 36 கம்பி கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அந்தப் பழைய சைக்கிளை நெடும்பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன். எஃகு றிம் நனைந்தால் பிறேக் பிடிக்காது. ஒரு மார்கழி மழையில் மதகடியில் நிறுத்த முடியாமல், மகளோடு சேற்றில் விழுந்தேன். அவளுடைய நெற்றித் தழும்பு இன்றும் இருக்கிறது. முறிகண்டியில் சைக்கிளை நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிடும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவு வரும். எனவே றிம் அலுமினியமாக இருக்கட்டும்.

பரந்தனிலிருந்து:

நன்றி அண்ணா. என் பின்சில்லை எண்ணிப் பார்த்தேன்: 36. பல்சில்லுப் பக்கத்துக் கம்பி முறிந்தால் பல்சில்லைக் கழற்றாமல் புதிதைக் கோக்க முடியாது. அதனால் மாற்றுக் கம்பி மூன்றோடு, கழற்றும் சாவியையும் பையில் வைத்துவிட்டேன்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை மன்னாருக்கு மறுபடி புறப்படுகிறேன். இம்முறை வாடை முதுகில் இருக்கும். இலுப்பைக்கடவையை நெருங்கும்போது அந்த ஐயாவின் கடையில் நிற்க வேண்டும். அவர் சீவி வைத்த ரயர்த் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.