டைட்டானியத்தின் மேல் கண்ணாடிப் பூச்சு வெடிக்கிறது: அனுபவமுள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில், உலோக எலும்புப் பொருத்திகளுக்கான உயிர்க்கண்ணாடிப் பூச்சில் ஆய்வு செய்யும் மாணவி நான்.

உயிர்க்கண்ணாடி என்பது எலும்போடு பிணையும் கண்ணாடி. 1969இல் அமெரிக்கப் பொருளறிவியலாளர் லாரி ஹென்ச் உருவாக்கிய 45எஸ்5 என்ற வகையில் எடையளவில் சிலிக்கா 45 விழுக்காடு. மீதி சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆக்சைடுகள். உடல் திரவம் பட்டதும் எலும்பின் கனிமத்தை ஒத்த அபடைட் படலம் இதன்மேல் படிவதால்தான் எலும்பு இதனோடு பிணைகிறது. இதன் தூளை எத்தனாலில் கலக்கி, மின்புலத்தால் டைட்டானியம் கலப்புலோகத் தகட்டில் படியவைத்து உலையில் சுட்டேன். ஆறியபின் எடுத்தால், பூச்சு வறண்ட கண்மாய்த் தரைபோலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நகம் பட்டதும் விளிம்பு உதிர்ந்தது.

காரணம் புரிகிறது. ஒரு டிகிரி செல்சியஸுக்குக் கண்ணாடி பத்து லட்சத்தில் சுமார் 15 பங்கு விரிய, டைட்டானியம் ஏறத்தாழ 9 பங்குதான் விரிகிறது. ஆகவே ஆறும்போது கூடுதலாகச் சுருங்க முயலும் கண்ணாடி இழுவிசை தாங்காமல் வெடிக்கிறது. ஆச்சி, பர்மாவிலிருந்து வந்ததென்று பத்திரப்படுத்தியிருக்கும் எனாமல் தூக்கு இதற்கு நேர்மாறு: அதன் கண்ணாடிப் பூச்சு இரும்பைவிடக் குறைவாகச் சுருங்கி அமுக்கத்தில் நிற்பதால், கீழே போட்டால்தான் சில்லு பெயர்கிறது.

சிலிக்காவைக் கூட்டினால் விரிவு குறையும். ஆனால் 60 விழுக்காட்டைத் தாண்டினால் எலும்போடு பிணையும் தன்மை போய்விடும். அதனால் விரிவைக் குறைக்க, சோடியம், கால்சியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம், மக்னீசியம் சேர்த்துப் பார்த்தவர்கள், எவ்வளவு மாற்றினீர்கள், எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் சுட்டீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். எங்களிடம் வெற்றிட உலை இல்லை. ஆர்கான் வாயு மட்டுமே உண்டு.