நைட், கவலியர்: இரண்டுக்கும் 'குதிரைவீரர்' சரிவராது

நண்பர்களுக்கு வணக்கம்.

நைட் (knight), கவலியர் (cavalier) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழில் 'குதிரைவீரர்' என்றே போட்டுவிடலாம் என்று நேற்று ஒரு கருத்து வந்தது. கவலியர் என்ற சொல்லுக்குள் குதிரை இருப்பது உண்மைதான். அதன் லத்தீன் மூலத்துக்குக் குதிரையேறுபவர் என்று பொருள். ஆனால் நாம் மொழிபெயர்ப்பது சார்லஸ் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே 1642-இல் தொடங்கிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரை. அதில் மன்னர் பக்கத்தார்தான் கவலியர்கள். அங்கே இது குழப்பிவிடும்.

ஆலிவர் கிராம்வெல்லைப் பாருங்கள். அந்தப் போரில் பேர்பெற்ற குதிரைப்படைத் தலைவர். ஆனால் கவலியர்களை எதிர்த்தவர். சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் ஒரு நைட், சார்லஸ் மன்னரிடம் அந்த 'சர்' பட்டம் வாங்கியவர். 1645-இல் நாடாளுமன்றப் படைக்குத் தலைமையேற்று, நேஸ்பியில் அதே மன்னரைத் தோற்கடித்தார். மன்னருக்காக ஈட்டி தூக்கி நடந்தே போனவரோ கவலியர் பக்கம். 'குதிரைவீரர்கள் குதிரைவீரர்களை வென்றனர்' என்று எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்?

ஆக, கவலியர் என்பது ஒரு தரப்பின் பெயர். 'மன்னரணியர்' என்று வைக்கலாம். எதிரிகள் வசையாகச் சூட்டிய பெயர் அது என்ற குறிப்பு இதில் வராது. முதலில் வரும் இடத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வோம்.

நைட் வேறு கதை. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பையன், ஏவலாள் என்று பொருள். பிறகுதான் வீரன் ஆனது. நம் 'சேவகன்' நேர் எதிராகப் போன சொல். ஆண்டாள் திருப்பாவையில் 'உன் சேவகமே ஏத்தி' என்று பாடும்போது சேவகம் வீரம். இன்று சேவகன் வெறும் வேலையாள். எவ்வளவு ஆசைப்பட்டாலும் இனி அதை மீட்க முடியாது.

நைட்டுக்குத் தமிழில் ஏற்கெனவே வழங்கும் 'வீரத்திருத்தகை' நல்ல சொல்தான். ஆனால் 'வீரத்திருத்தகைகள் வந்தனர்' என்று எழுதிப் பார்த்தேன், ஆட்கள் வருவதாகவே தோன்றவில்லை.

தொல்காப்பியம் வஞ்சித்திணையில் 'மாராயம் பெற்ற நெடுமொழி' என்று ஒரு துறை சொல்கிறது. மாராயம் என்றால் வேந்தன் வீரனுக்குத் தரும் சிறப்பு. சோழர் கல்வெட்டுகளில் 'மாராயன்' என்று முடியும் பட்டங்கள் உண்டு. முன்னே மண்டியிட்டவர் தோளில் மன்னர் வாளால் தொட்டு நைட் பட்டம் தருவதும் இதே போன்ற சிறப்புதானே? எனவே நைட்டுக்கு 'மாராயர்', அந்தத் தகுதிக்கு 'மாராயம்'. குதிரைக்கே தொடர்பில்லாமல் 1929-இல் சர் பட்டம் பெற்ற சி. வி. ராமனுக்கும் பொருந்தும்.

சதுரங்க நைட்டை மட்டும் தொட வேண்டாம். அது குதிரையாகவே இருக்கட்டும்.