மறு: 'எம்பாடீடு கார்பன்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். கட்டடத்துக்கான பொருள்களைச் செய்வது, கட்டுவது, பழுதுபார்ப்பது, இடிப்பது ஆகியவற்றால் காற்றில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடைத்தான் ஆங்கிலத்தில் 'எம்பாடீடு கார்பன்' (embodied carbon) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில் இது.

> உள்ளுறை கரிமம் என்றே வைத்துக்கொள்ளலாமே. உள்ளுறை உவமம் படித்தவர்களுக்குப் பழகிய சொல்.

சொல் அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் 'உள்ளே உறைவது' என்று படிப்பவர் எடுத்துக்கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும். நாம் பேசும் கார்பன் சிமெண்டுக்குள்ளோ கம்பிக்குள்ளோ இல்லை. அவற்றைச் செய்யும்போதே அது காற்றில் கலந்துவிட்டது.

சிமெண்டையே எடுத்துக்கொள்வோம். அரியலூர்ப் பக்கம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். சூளையைக் கிட்டத்தட்ட 1450 டிகிரிக்குக் கொண்டுபோக எரிக்கும் நிலக்கரியின் புகை தனிக்கணக்கு. நிலக்கரிக்குப் பதில் வேறு எரிபொருள் போட்டாலும் கல்லிலிருந்து வரும் அந்த 44 கிலோ குறையாது. சிமெண்டின் சிக்கலே இதுதான்.

எஃகிலும் அப்படித்தான். இரும்புத்தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க ஊதுலையில் கோக் (நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் கரி) போடுகிறார்கள். கரி அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து புகையாகிவிடும். இந்த வழியில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் வெகுவாகக் குறையும்.

மரத்துக்கு வந்தால்தான் 'உள்ளுறை' சரியாகப் பொருந்துகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. உத்தரமாக வைத்தால், அது மக்கியோ எரிந்தோ போகும்வரை கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். சிமெண்டின் புகைக்கு இந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் மரத்திலிருப்பதை என்னவென்று சொல்வோம்? 'மரத்தில் உள்ளுறை கரிமம் குறைவு' என்று பாடநூலில் வந்தால் தமிழ் தெரிந்த மாணவன்தான் முதலில் குழம்புவான். அந்தச் சொல்லை மரத்துக்கே விட்டுவிடுவோம்.

> ஆக்க உமிழ்வு என்று சொல்லலாம். ஆனால் கட்டடத்தை இடிப்பதும் கணக்கில் வருகிறதே, அது ஆக்கத்தில் அடங்குமா?

நல்ல கேள்வி. அடங்காது. பழுதுபார்ப்பு, இடிப்பு, இடிபாடுகளை அள்ளிப்போவது எல்லாமே முழுக்கணக்கில் உண்டு. அதனால் முழுமைக்கும் 'பொருள்வழி உமிழ்வு' என்று வைத்துக்கொண்டு, கட்டி முடிக்கும் வரையுள்ள பங்கை மட்டும் 'ஆக்க உமிழ்வு' எனலாம். ஆங்கிலத்திலும் இந்தப் பங்குக்கு 'அப்ஃப்ரன்ட் கார்பன்' என்று தனிப்பெயர் இருக்கிறது. ஏசி, விளக்கு, லிஃப்ட் ஓடுவதால் வருவது 'இயக்க உமிழ்வு'.

ஆக்க உமிழ்வுக்குத் தனிச்சொல் வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. இயக்க உமிழ்வைப் பிறகும் குறைக்கலாம். பத்து வருடம் கழித்துக்கூட மாடியில் சோலார் போடலாம். ஆக்க உமிழ்வோ கிரகப்பிரவேசத்தன்றே முடிந்துபோன கணக்கு. அதைக் குறைக்க வேண்டுமென்றால் வரைபடம் போடும்போதே யோசிக்க வேண்டும். வீடு கட்டுகிறவருக்கு இது சட்டென்று புரிய வேண்டும். அதற்கு ஒரு சொல் கையில் இருந்தால் நல்லது.

'கரிமம்' என்பதைவிட 'உமிழ்வு' மேல் என்பதும் என் எண்ணம். கரிம வேதியியல், கரிம உரம் என்று அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. உமிழ்வு செய்தித்தாளிலேயே வந்துவிட்டது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டில், சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கர் குறைவு, அதனால் ஆக்க உமிழ்வும் குறைவு."

"ஆரோவில்லில் செய்யும் அழுத்திய மண்கட்டியைச் சூளையில் சுடுவதில்லை, 5 சதவீத அளவில் சிமெண்டு சேர்த்தால் போதும். சுட்ட செங்கல்லைவிட அதன் ஆக்க உமிழ்வு குறைவு."

இடறாமல் ஓடுகிறது. அப்புறம், 'கிளிங்கர்' அப்படியே இருக்கட்டும். ஆலையில் வேலை செய்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'பொருள்வழி' என்பதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதில்தான் எனக்கு இன்னும் முழுத் திருப்தி வரவில்லை.

அன்புடன்.