சாப்பிட்ட பில்லுக்கு டவுன் கோர்ட் வரை போன கதை

குளிர்நாட்டுக்காக்கா:

எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டுத் தம்பிக்குப் போன வாரம் போலீஸ் ஒரு அப்பியரன்ஸ் டிக்கெட் (இன்ன நாள் கோர்ட்டுக்கு வா என்ற சீட்டு) கொடுத்துவிட்டது. டாக்சியில் வந்து இறங்கினானாம், கார்டு வேலை செய்யவில்லை, வீட்டுக்குள் போய் காசு எடுத்து வருகிறேன் என்று போனவன் போனில் பேச ஆரம்பித்து அப்படியே மறந்துவிட்டான். டிக்கெட்டில் 'தெஃப்ட் ஆஃப் சர்வீசஸ்', அதாவது சேவையைப் பெற்றுக்கொண்டு காசு கொடுக்காத திருட்டு, என்று போட்டிருக்கிறது. 'தெஃப்ட்' என்ற வார்த்தையைப் பார்த்ததிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை. நானும் இந்த வழியாகப் போனவன்தான், அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

எனக்கு நடந்தது 2011-ல், நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில். எஃப்-1 விசாவில் படித்துக்கொண்டிருந்தேன். நண்பன் பிறந்தநாளுக்கு ஆறு பேர் சாப்பிடப் போனோம், பில் 86 டாலர். வெளியே பனி கொட்டுகிறது, நான் காரைக் கிளப்பப் போனேன், ஒருத்தன் பாத்ரூம் போனான், மீதிப் பேர் ஆளாளுக்கு மற்றவன் கொடுத்திருப்பான் என்று கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கார் என்னுடையது. நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலை போலீஸ் என் கதவைத்தான் தட்டியது. "ஆமாம் சார், கொடுக்காமல்தான் வந்துவிட்டோம்" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தேன். பின்னால் வக்கீல் இதைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த மாநிலத்துத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 165.15. ஹோட்டல் சாப்பாடு, தங்கிய ரூம், டாக்சி, சப்வே, கேபிள், மீட்டரில் கைவைப்பது எல்லாம் இந்த ஒரே பிரிவுக்குள் வரும். காசு கொடுக்காமல் தப்பிக்கும் எண்ணம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும், ஆனால் ஹோட்டல் சாப்பாட்டில் காசு கொடுக்காமல் போனாலே அந்த எண்ணம் இருந்ததாக அனுமானிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏ கிளாஸ் மிஸ்டிமீனர், அதாவது பெருங்குற்றத்துக்குக் கீழே உள்ள வகை. அப்போது ஒரு வருடம் வரை ஜெயில் போடலாம், 2019-க்குப் பிறகு அது 364 நாள். 86 டாலருக்கு யாரும் ஜெயிலில் போடப்போவதில்லை, அது வேறு.

மறுநாளே ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன். மேனேஜர் நல்ல மனுஷன், வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார், ஆனால் "கேஸ் இனி என் கையில் இல்லை" என்றார். உண்மைதான், புகார் போன பிறகு அதை நடத்துவதும் விடுவதும் அரசு வக்கீல் பாடு.

டவுன் கோர்ட் சாயங்காலம் ஏழு மணிக்கு. கோர்ட் என்றால் நான் மனதில் கட்டி வைத்திருந்தது வேறு. இது டவுன் ஹாலில் ஒரு அறை, மடக்கு நாற்காலிகள், கால்வாசிப் பேர் ஸ்பீடிங் டிக்கெட்டுக்கு வந்தவர்கள், எல்லார் பூட்ஸிலிருந்தும் பனி உருகித் தரையெல்லாம் ஈரம். இந்த ஊர்க் கோர்ட்டுகளில் நீதிபதி வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் நீதிபதியின் கறுப்பு அங்கிக்குக் கீழே மண் ஒட்டிய வேலைக்கார பூட்ஸ் தெரிந்தது.

கூட வந்த நண்பன் "கில்டின்னு சொல்லி ஃபைனைக் கட்டிட்டு வாடா, பத்து நிமிஷ வேலை" என்றான். நல்லவேளை கேட்கவில்லை. நாட் கில்டி சொல்லி, வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஃபாரம் நிரப்பிக் கொடுத்தேன், கோர்ட்டே ஒருவரை நியமித்தது. அவர் முதலில் கேட்டதே "என்ன விசா?" என்றுதான். வெளிநாட்டுக்காரன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்றத்தில் என்ன ஆகும் என்று வக்கீல் சொல்லியாக வேண்டும் என 2010-ல் பாடிலா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருட்டு வகைக் குற்றத்தை ஒப்புக்கொள்வது விசாக்காரனுக்குத் தானே வெட்டிக்கொள்ளும் குழி.

இரண்டாவது வாய்தாவில் என் வக்கீல் ரசீதைக் காட்டினார், அரசு வக்கீல் ஏசிடி தரச் சம்மதித்தார். ஆறு மாதத்துக்குக் கேஸைத் தள்ளி வைப்பார்கள், அதற்குள் வேறு வம்பில் மாட்டாமல் இருந்தால் தள்ளுபடி, கோப்புக்கும் சீல். ஒப்புதலும் கிடையாது, தண்டனையும் கிடையாது. நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "அடுத்த தடவை பில்லை நீயே வாங்கு" என்றார். அவ்வளவுதான்.

பழைய புரூக்ளின்காரன்:

நீங்கள் மடக்கு நாற்காலி பார்த்தீர்கள், நான் லாக்கப் பார்த்தேன். 2014, மன்ஹாட்டன். சப்வே ஸ்டேஷன் வாசலில் என் அன்லிமிடெட் மெட்ரோகார்டை (பயண பாஸ்) ஒருமுறை தேய்த்தேன், கதவு திரும்பவில்லை, மறுபடி தேய்த்தால் 'இப்போதுதான் பயன்படுத்தப்பட்டது' என்கிறது. பதினெட்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது, முன்னால் போனவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தூணுக்குப் பின்னால் மஃப்டி போலீஸ். அப்போதெல்லாம் பொதுவாக 100 டாலர் சிவில் அபராதச் சீட்டோடு விட்டுவிடுவார்கள், என்னிடம் பாஸ்போர்ட்டோ ஐடியோ எதுவும் இல்லை, அதனால் விலங்கு. இரண்டரை டாலர் டிக்கெட்டுக்கு ஒரு ராத்திரி முழுக்க சிமெண்ட் பெஞ்ச், சீஸ் சாண்ட்விச். மறுநாள் 100 சென்டர் தெருக் கோர்ட்டில் லீகல் எய்ட் வக்கீல் என்னிடம் பேசியது ஐந்து நிமிஷம், நீதிபதி முன்னால் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. எனக்கும் ஏசிடிதான். எனக்கு முன்னால் நின்ற பையனுக்குப் பழைய கேஸ் இருந்ததால் அது கிடைக்கவில்லை, டிஸ்ஆர்டர்லி காண்டக்ட் (பொது இடத்தில் ஒழுங்கீனம்) என்று ஒப்புக்கொண்டான். அது குற்றம் அல்ல, வெறும் மீறல்தான் என்றாலும் ஒப்புதல் ஒப்புதல்தானே. 2017-ல் மன்ஹாட்டன் அரசு வக்கீல் சைரஸ் வான்ஸ், டிக்கெட் எடுக்காத கேஸ்களில் பெரும்பாலானவற்றை இனி நடத்த மாட்டோம் என்று அறிவித்தார். எனக்கு மூன்று வருடம் லேட்.

மல்லிகா டீச்சர்:

இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். என் வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு கேஸ் இருந்தது, சீல் வைத்தாயிற்று என்று அந்தக் காகிதங்களையே தூக்கிப் போட்டுவிட்டார். குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் நிரப்பும்போது கைது உண்டா என்று கேட்கிறார்கள், தள்ளுபடியானதையும் சீல் வைத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோர்ட் முடிவுக்கான சான்றிதழ் வாங்க அவரே ஐடியோடு நேரில் போக வேண்டியிருந்தது, என்னை அனுப்பினார், சீல் வைத்த கேஸ் என்று கொடுக்கவில்லை. தம்பியிடம் சொல்லுங்கள், ஆறு மாதம் முடிந்ததும் முத்திரை போட்ட சான்றிதழ் இரண்டு பிரதி வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வைக்கட்டும்.

குளிர்நாட்டுக்காக்கா:

நன்றி டீச்சர், நான் ஒன்றுதான் வாங்கினேன், வீடு மாறும்போது அதையும் தொலைத்தேன். தம்பி டாக்சிக்காரருக்கு இன்றே காசு கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று குதித்தான், நான் நிறுத்திவிட்டேன். நான் நேரில் போனது தப்பாகப் போகவில்லை, ஆனால் சில இடங்களில் புகார்தாரரை மிரட்டப் போனதாகத் திரும்பும். வக்கீல் வழியாகக் கட்டட்டும். வியாழக்கிழமை ஆறரைக்குக் கோர்ட், நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். ஊரில் அம்மாவுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்கிறான்.