என்ஜினுக்கு அடித்த பெயின்ற் துணியோடு வருகிறது, அவசர உதவி

செம்மண்_றைடர்:
வணக்கம் எல்லோருக்கும். என்ஜினுக்கு வெள்ளி ஸ்ப்ரே அடித்தேன். சூடு தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை, துடைத்தால் துணியில் அப்படியே வருகிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் இருந்து வருகிறார், அதற்குள் முடிக்க வேண்டும். வேறு எந்தப் பெயின்ற் நல்லது? நாளைக் காலை டவுனுக்குப் போகிறேன்.

மாரிக்குருவி:
என்ன மோட்டார் சைக்கிள்? டப்பாவில் எத்தனை பாகை? என்ஜினில் எந்த இடம்? எதனால் கழுவினீர்கள்? இதெல்லாம் தெரியாமல் யாராலும் சொல்ல ஏலாது.

பாசையூர்_காற்று:
நீங்கள் கடற்கரைப் பக்கமா? எங்கள் வீட்டில் அலுமினியம் எல்லாம் வெள்ளை மா பூசினது போல் ஆகிவிடும். அதற்கு மேல் எதை அடித்தாலும் உரியும். கிணற்றுத் தண்ணீரில் கழுவியிருந்தாலும் இதே கதைதான். எங்கள் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, காய்ந்ததும் என்ஜினைச் சுற்றியுள்ள ஃபின்களுக்கு, அதாவது சூட்டை வெளியே விடும் தகடுகளுக்கு, இடையில் படிந்துவிடும்.

பழைய_ஸ்பனர்:
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதிவிட்டேன். கொஞ்சம் பின்னால் போய் வாசித்துவிட்டுக் கேட்கக் கூடாதா? பிறைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் அலுமினியத்தில் அடித்தால் நிற்காது. கராஜில் முதல் நாள் வரும் பொடியனுக்கும் தெரிந்த விஷயம். முதலில் பிறைமர், பிறகு பெயின்ற். அவ்வளவுதான்.

செம்மண்_றைடர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். எம்டி90, அப்பாவுடையது. டப்பாவில் 600 பாகை. கடையில் இருந்ததிலேயே கூடின சூடு தாங்குவது அதுதான். மண்ணெண்ணெயால் நன்றாகக் கழுவித்தான் அடித்தேன்.

மாரிக்குருவி:
எல்லா இடத்திலுமா உரிகிறது? சைலன்சர் குழாயிலும் அதே பெயின்றை அடித்தீர்களா?

செம்மண்_றைடர்:
ஓம், குழாயிலும் அடித்தேன். சிலிண்டர் ஹெட்டில் இருந்து வளைந்து வரும் இடத்தில் நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பக்க மூடியில்தான் பிரச்சினை. காபரேற்றருக்குக் கீழே பெற்றோல் சொட்டின இடத்தில் வெறும் உலோகம் தெரிகிறது.

மாரிக்குருவி:
சரி, இப்போது விளங்குகிறது. உங்கள் பெயின்ற் மோசமில்லை. அதை அடித்த இடம்தான் பிழை.

600 பாகைப் பெயின்றுகள் பெரும்பாலும் சிலிக்கோன் பிசினில் அலுமினியத் தூள் கலந்தவை. காற்றில் காய்ந்தால் தொட்டுப் பார்க்கக் காய்ந்தது போல்தான் இருக்கும். அது உண்மையில் இறுகுவதற்கு 200 பாகை அளவுக்குச் சூடு வேண்டும். ஹெட்டில் இருந்து வரும் குழாய் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும், அதனால் அங்கே கல்லுப்போல் இறுகிவிட்டது. பக்க மூடிக்குள் இருப்பது ஒயில். கொதிக்கும் தண்ணீரின் சூட்டுக்குக் கிட்டத்தட்டத்தான் அது போகும். எத்தனை மைல் ஓடினாலும் மூடியில் அந்தப் பெயின்ற் இறுகாது. ஒரு சொட்டுப் பெற்றோல் பட்டால் கரையும்.

பிறைமர் போட்டாலும் இதேதான் நடந்திருக்கும். பழைய_ஸ்பனர் அண்ணை கோபிக்க வேண்டாம். சாதாரண பிறைமரை இந்த 600 பாகைப் பெயின்றுக்கு அடியில் குழாயில் அடித்தால், முதலில் பிறைமர்தான் கருகி மேலே உள்ளதையும் சேர்த்துக்கொண்டு உரியும்.

மூடிக்கும் சிலிண்டருக்கும் என்ஜின் எனாமல் என்று கேட்டு வாங்குங்கள். 250 பாகை அளவு போட்டிருக்கும், அது தாராளம். குழாயில் இருப்பதைத் தொட வேண்டாம்.

பழைய_ஸ்பனர்:
நான் குழாயைச் சொல்லவில்லை, மூடியைத்தான் சொன்னேன். வெறும் அலுமினியத்துக்குப் பிறைமர் வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

மாரிக்குருவி:
மூடிக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்ஜின் எனாமலோடு சேரும் பிறைமராக இருக்க வேண்டும்.

குளப்பிட்டி90:
வெள்ளியை விட்டுவிட்டுக் கறுப்பு அடியுங்கள். கறுப்பு சூட்டை வெளியே விடும், என்ஜின் குளிராக ஓடும்.

பாசையூர்_காற்று:
எங்கள் வெயிலில் கறுப்பா? மத்தியானம் வீதியில் நிறுத்திவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள்.

குளப்பிட்டி90:
வெயிலின் சூடு வேறு, என்ஜின் சூடு வேறு அண்ணை. 150 பாகையில் இருக்கும் ஃபினுக்கு வெயில் ஒரு பொருட்டா?

மாரிக்குருவி:
இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மினுக்கின வெறும் அலுமினியம் சூட்டைக் கதிராக விடுவது மிகக் குறைவு. பெயின்ற் அடித்தால் கூடும். ஆனால் கறுப்போ வெள்ளையோ அந்த விஷயத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், வெள்ளித் தூள் கலந்ததுதான் குறைவு. ஓடும்போது என்ஜினைக் குளிர வைப்பது காற்று. தடிப்பாக அடித்து ஃபின் இடைவெளியை அடைத்தால் எந்த நிறமும் கெடுதிதான். மெல்லிசாக இரண்டு கை போதும்.

குளப்பிட்டி90:
மூடியைக் கழற்றிப் பேக்கரிப் போறணையில் வைத்து எடுத்தால், இப்போது அடித்ததே இறுகிவிடாதா?

பழைய_ஸ்பனர்:
பாண் வேகும் இடத்தில் பெயின்ற் புகையா? தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மூடியோடு ஒயில் சீல் இருந்தால் அந்தச் சூட்டில் அதுவும் போய்விடும். இன்னொன்று, பழையதைக் கழற்ற கோஸ்டிக் சோடாவும் போட வேண்டாம். அலுமினியத்தையே தின்றுவிடும்.

மாரிக்குருவி:
அண்ணை சொல்வது முழுக்கச் சரி. மூடியில் இருப்பது இறுகாத பெயின்ற் என்பதால் தின்னர் போட்ட துணியாலேயே வந்துவிடும்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒயிலைக் கரைக்கும், ஆனால் தானும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். கடைசியில் தின்னரால் துடைத்து, மூடியை ஒரு மணித்தியாலம் வெயிலில் வையுங்கள். வார்ப்பு அலுமினியத்தின் துவாரங்களில் இருக்கும் ஒயில் சூட்டுக்கு வேர்வை போல மேலே வரும். திரும்பவும் துடையுங்கள். பிறகு கொஞ்சம் நல்ல தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் ஒயில் இருக்கிறது. விரிந்து ஓடினால் சுத்தம். நன்றாகக் காய வைத்துவிட்டு அடியுங்கள். மாரி தொடங்கிவிட்டது, ஈரக் காற்றில் பின்னேரம் அடித்தால் பெயின்ற் வெளிறிப் பூத்துப்போகும். வெயில் ஏறின பிறகு காலையில் அடிப்பதுதான் நல்லது.

அதற்கு முதல் காபரேற்றர் ஒழுக்கைப் பாருங்கள். சூடான என்ஜினில் பெற்றோல் சொட்டுவது பெயின்றை விடப் பெரிய விஷயம்.

பாசையூர்_காற்று:
தம்பி, என்ன ஆச்சு? ஞாயிறும் போய்விட்டதே.

செம்மண்_றைடர்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். காபரேற்றரில் பெற்றோலை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்திருந்தது, மாற்றியாகிவிட்டது. மூடிக்கு எனாமல் அடித்தேன். பெற்றோல் துணியால் துடைத்துப் பார்த்தேன், வரவில்லை. குழாயைத் தொடவில்லை. அப்பா இப்போது அதில்தான் சந்தைக்குப் போயிருக்கிறார். எல்லோருக்கும் நன்றி.